அப்பா எழுதிவைத்த ரவிக்கை

என் அப்பா சாகும்போது தன்னுடைய ஒரே தங்கைக்கு ஒரு ரவிக்கையை எழுதிவைத்துவிட்டுப் போனார். இருபத்துமூன்று வருடமாக எங்கள் குடும்பத்தில் இதுதான் வரலாறு. அந்த வரலாற்றைச் சபை நடுவில் வாசித்துச் சொன்னவன் நான்.

அந்தத் தங்கை, என் மாமி, ரவிக்கையை வாங்கிக்கொண்டு கற்பிட்டிக் கரையிலிருக்கும் தன் வீட்டுக்குப் போனவர், அதன் பிறகு சிலாபத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா இறந்தபோது வந்தார். மாதா கோயிலுக்கு வந்தார், அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு வந்தார், வீட்டு முற்றத்தில் போட்டிருந்த பந்தலின் ஓரம்வரைக்கும் வந்தார். நான் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டேன். அதில் தன்னுடைய கைப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்றார். கைப்பைக்கு எங்களோடு கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, தேத்தண்ணித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கொப்பித் தாளை வைத்து மூன்று வரி எழுதினார். வீடு அம்மாவுக்கு. கைக்கடிகாரமும் சைக்கிளும் எனக்கு. மூன்றாவது வரி தங்கச்சிக்கு. எழுதி நாலாம் நாள் போய்விட்டார். தாளை வாசிக்கும் வேலை தானாகவே என்னிடம் வந்தது. ஏனென்றால் வாசிப்பதுதான் என் தொழில்.

நான் முப்பத்தொரு வருடம் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். தமிழிலிருந்து சிங்களத்துக்கு, சிங்களத்திலிருந்து தமிழுக்கு. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், சாட்சியம், கணவன் மனைவிக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம், எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. இந்தக் கரையில் சொற்களை நம்பக்கூடாது. தாத்தா என்றால் சிங்களத்தில் தகப்பன். புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரி. எங்களுக்குப் பாட்டன். ஒருமுறை சாட்சிக் கூண்டில் நின்ற புத்தளத்துப் பெண் ஒருவர், "தாத்தாதான் கதவத் தொறந்தா" என்றபோது, சபையில் எல்லோரும் ஒரு கிழவனைக் கற்பனை பண்ணிக்கொண்டார்கள். நான்தான் இடையில் புகுந்து, திறந்தது அக்கா என்று சொன்னேன். நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் பல வருடம் சீவித்தேன்.

அப்படிப்பட்ட நான் அப்பாவின் தாளை வாசித்தேன். "தங்கச்சிக்கு, அலுமாரியில இருக்கிற ரவிக்கி." அதற்குப் பிறகு தாளின் விளிம்பில் நெருக்கியடித்த ஒரு கிறுக்கல். பேனை கசிந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கு எழுத்துப்பிழை அதிகம். அவர் எழுதியதைத் திருத்தி வாசிப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். 'கி'யை 'கை' ஆக்கினேன். வேலை முடிந்தது.

அம்மா அலுமாரியை மூன்று நாள் தேடினார். அதிலிருந்தவை அம்மாவின் சேலைகள், அம்மாவின் சட்டைகள், அப்பாவின் சாரங்கள், அவற்றுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்த அப்பாவின் வயலின் பெட்டி. மாமிக்குரிய ரவிக்கை எதுவுமில்லை.

"மனுசன் கடைசியா ஆசைப்பட்டது ஒரு ரவிக்கை," என்றார் அம்மா. "இல்லாட்டி என்ன, வாங்கிக் குடுப்பம்."

சிலாபம் கடைத்தெருவில் பாக்கு நிறத்தில் ஒன்று தைத்தபடியே வாங்கினார். அளவு குத்துமதிப்பு. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனமெல்லாம் சாப்பிட உட்காரும் நேரத்தில், நான் எழுந்து மூன்று வரியையும் உரத்து வாசித்தேன். அம்மா ரவிக்கையைத் தட்டில் வைத்து நீட்டினார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டுத் தும்மினார்கள், அல்லது தும்முவதுபோல் சிரித்தார்கள்.

மாமி தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரவிக்கையெண்டா எழுதியிருக்கிறார்?"

"ஓம் மாமி. ரவிக்கைதான்."

"வடிவாப் பாத்தியா, தம்பி?"

"மாமி, இது என்ட தொழில்," என்றேன்.

அவர் ரவிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் பன்னிரண்டரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பழைய தந்தி வாத்தியங்களில் ஒரு பைத்தியம் பிடித்தது. மற்ற ஆண்கள் இந்த வயதில் கோழி வளர்க்கிறார்கள். எனக்கு இது. காரணம் அப்பாவின் வயலின்தான். அலுமாரியிலிருந்து அதை எடுத்து, பெட்டியைத் திறந்து, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதுகுப் பலகை இரண்டு துண்டு. நடுவில் சேரும் கோட்டின் இரு பக்கமும் மரத்தின் வரிகள் சரிந்து இறங்கும். வெளிச்சத்துக்குத் திருப்பினால் வரிகள் இடம் மாறும். கழுத்தின் உச்சியில் மரச் சுருள். தாடை பட்ட இடத்தில் மெருகு போய் வெறும் மரம் தெரிந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு தரம் வில்லைப் போட்டு இழுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பூனைக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ரசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வயலினின் வயிற்றில் இரண்டு வளைந்த துவாரங்கள் இருக்கும். இடதுபக்கத் துவாரத்துக்குள் பார்த்தால் மஞ்சளடித்த ஒரு கடதாசி லேபல். அதில் அச்சில், செய்தவர் என்று ஓர் இத்தாலியப் பெயர். வயலின் என்றதும் உலகம் அடுத்ததாகச் சொல்லும் பெயர். ஆகவே நான் சொல்ல வேண்டியதில்லை. பெயருக்குக் கீழே ஆண்டு. பதினேழு என்பது அச்சில். அடுத்த இரண்டு இலக்கமும் கையெழுத்தில். ஆக, முந்நூறு வருடத்துக்குக் கிட்டிய சாமான். ஒல்லாந்தர் கப்பலில் வந்து கற்பிட்டிக் கோட்டையில் இறங்கி, கை மாறி மாறி எங்கள் அலுமாரிக்கு வந்திருக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததைப் பலரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் உறுதியானது.

இதைக் கேட்ட என் கூட்டாளி ஒருவன் புத்தளத்தில் இருக்கிறான். உப்பளம் வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். "வா, எங்கட வீட்டுலயும் ஒண்டு இரிக்கி," என்று கூப்பிட்டான். போனேன். வெள்ளைத் துணியை விலக்கி, வயிறு பருத்த ஒரு வாத்தியத்தை எடுத்து வைத்தான். பப்பாசிப் பழத்தை நெடுக்காகப் பிளந்ததுபோல் இருந்தது. கழுத்தின் நுனி பின்பக்கமாக மடங்கியிருந்தது. விழுந்து முறிந்துவிட்டதாக்கும் என்று அனுதாபப்பட்டேன். அதைச் செய்வதே அப்படித்தானாம்.

"அப்பா ஹஜ்ஜிக்கிப் போய்ட்டு வரக்குள்ள மக்காவில இருந்து கொண்டு வந்தது," என்றான். அவர்கள் வீட்டில் அப்பா என்றால் பாட்டன். "இதுதான் ஊத்."

நான் குனிந்து மோந்து பார்த்தேன்.

"என்னத்த மச்சான் மோக்கிற? அத்தர் ஊத் இல்ல. வாசிக்கிற ஊத்."

அழகான சாமான்தான். முகத்தில் மூன்று வட்டத் துவாரங்கள், ஒவ்வொன்றிலும் நூல் வேலைபோல் செதுக்கிய மர வலை. பெரிய வட்டத்தின் வலை ஓரத்தில் உடைந்திருந்தது. நான் பைக்குள்ளிருந்து டோர்ச்சை எடுத்தேன். டோர்ச்சோடு விருந்துக்குப் போகிறவன் எப்படிப்பட்டவன் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. உள்ளே வெளிச்சம் பாய்ச்சினேன். முகப் பலகையைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டியிருந்தார்கள். அதில் கறுப்பு மையில் பாதி எழுத்துகள். தேயிலைப் பெட்டிப் பலகை.

"மக்காவில தேயிலைத் தோட்டம் இருந்ததா?" என்று கேட்டேன்.

அவன் வந்து பார்த்தான். "ஒடஞ்சிருக்கும். இங்க ஆராச்சும் திருத்தியிருப்பாங்க."

"அப்படியும் இருக்கலாம். முழுக்கவே இங்க செய்ததாகவும் இருக்கலாம்."

"அப்பா பொய் சொன்னாரெண்டா சொல்ற?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல. பலகை சொல்லுது."

அவன் வாத்தியத்தைத் துணியால் மூடினான். தேத்தண்ணி வந்தது, எனக்குச் சீனி போடாமல் வந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னான்:

"ஒண்ட அலுமாரிக்குள்ள இரிக்கிறதுக்கும் இப்பிடி டோர்ச் அடிச்சுப் பாத்தியா? இல்ல, ஒண்ட பலகை மட்டும் பொய் சொல்லாதா?"

நான் அடித்துப் பார்த்ததில்லை. அப்பாவின் சாமானுக்கு டோர்ச் அடிப்பது மரியாதையில்லை என்று நினைத்திருந்தேன். அவனுடைய அப்பாவின் சாமானுக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த கிழமை வயலினை எடுத்துக்கொண்டு வென்னப்புவைப் பக்கம் போனேன். கோயில் பாண்ட் வாத்தியங்களைத் திருத்தும் சிங்களப் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். மின்விசிறியும் ரைஸ் குக்கரும்கூடத் திருத்துகிறார். மேசையில் ஒரு ரைஸ் குக்கரின் குடல் பரப்பியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வயலினுக்கு இடம் செய்தார். அவர் கதைத்தது சிங்களத்தில். நான் தருவது தமிழில். மொழிபெயர்ப்புக்கு நானே பொறுப்பு. ஐயா என்பதற்கு அவர் சொன்ன மாத்தயாவை அப்படியே விட்டிருக்கிறேன்.

முதலில் சும்மா வைத்துப் பார்த்தார். பிறகு விளிம்பைச் சுற்றி ஓடும் இரட்டைக் கறுப்புக் கோட்டில் நகத்தை வைத்து இழுத்தார்.

"நல்ல வயலினில் இந்தக் கோட்டை மரத்தில் வெட்டி, கறுப்பு மரம் பதிப்பார்கள். நகம் இடறும். இதில் இடறவில்லை. இது மையால் கீறியது, மாத்தயா."

விரல் வைக்கும் கறுப்புப் பலகையின் ஓரத்தைக் காட்டினார். கறுப்புத் தேய்ந்து உள்ளே வெளிறிய மரம் தெரிந்தது. கருங்காலி இல்லை, சாயம். பல்வைத்தியர் வைத்திருப்பதுபோன்ற சின்னக் கண்ணாடியைத் துவாரத்துக்குள் விட்டு லேபலைப் பார்த்தார். அதிகம் சிரித்துவிடக்கூடாது என்று முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"இந்த லேபல் எனக்குப் பழக்கம். ஆலையில் செய்து, இந்தப் பெயரை அச்சடித்து, ஆயிரக்கணக்கில் உலகமெல்லாம் அனுப்பினார்கள். என் கையால் மட்டும் பத்துப் பன்னிரண்டு போயிருக்கும். ஆனால் இந்தக் கடைசி இரண்டு இலக்கம் வேறு யாரோ எழுதியது. நீல நிறக் குமிழ்முனைப் பேனை. கோணலாக இருக்கிறது, பாருங்கள். லேபலை ஒட்டி, வயலினையும் மூடிய பிறகு, துவாரத்துக்குள்ளால் விட்டு எழுதியிருக்கிறார்கள்."

ஒல்லாந்தர் கப்பலில் குமிழ்முனைப் பேனை இருந்திருக்காது. முந்நூறு வருடம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. லேபலில் இலக்கம் எழுதியவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அப்பா பொய்யர் என்று இப்போது என்னுடைய பலகை சொல்லிக்கொண்டிருந்தது.

பெரியவர் தந்திகளை முறுக்கி, வில்லை இழுத்து, ஒரு மாதா பாட்டின் முதல் வரியை வாசித்தார். பூனை இல்லை. சுத்தமான, கொஞ்சம் மூக்கடைத்த குரல்.

"பொய் என்றாலும் நல்ல பொய்," என்றார். "யாரோ இதை நிறைய வாசித்திருக்கிறார்கள். பலகையில் விரல் குழிகளைப் பாருங்கள். சின்ன விரல்."

அப்பாவின் விரல்கள் சின்னவையல்ல. அவர் மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தரம் கோயிலில் வாசிப்பார், மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"விற்காதீர்கள், மாத்தயா. இப்படிப் பாவித்த ரவிக்கிஞ்ஞ இனிக் கிடைக்காது."

"என்ன சொன்னீர்கள்?"

"ரவிக்கிஞ்ஞ. இப்போதுள்ள பிள்ளைகள் வயலின் என்கிறார்கள். நாங்கள் கோயில் பாட்டு வாத்தியாரிடம் படித்த காலத்தில் ரவிக்கிஞ்ஞதான்."

அந்தச் சொல் எனக்குத் தெரியும். பறங்கியரிடமிருந்து சிங்களத்துக்கு வந்த சொல். அகராதியில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு அலுமாரியில் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உறுதிகள் வைக்கும் பெட்டியைத் திறந்து அப்பாவின் தாளை எடுத்தேன். 'ரவிக்கி' என்பதில் பிழை எதுவும் இருக்கவில்லை. விளிம்பில் நெருங்கிக் கிடந்தது கிறுக்கல் இல்லை. ஒரு ஞ், ஒரு ஞ. இடம் போதாமல் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறியிருந்தது. அப்பா ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். சரியாக எழுதப்பட்ட ஒரு சொல்லை நான் திருத்தியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. இருபத்துமூன்று வருடம் எங்கள் அலுமாரியில் கிடந்த அவருடைய சாமானை நான் மடியில் வைத்து ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் போவதற்குள் அவர் போய்விட்டால், அந்த மூன்றாவது வரியைக் கேட்க ஆளில்லை.

இருந்தும் மூன்று நாள் போகவில்லை. முதல் நாள் மழை என்று சொன்னேன். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் புத்தளத்துக் கூட்டாளிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன், "வான் கொண்டு வாறன்," என்றான்.

அவனுடைய வான் வண்டி பாலாவிச் சந்தியில் திரும்பியது. உப்பளங்கள் தாண்டின. காற்றாலைகள் சுற்றின. கடல் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினார்கள்.

"உன்ட ஊத் திருத்தினதாத்தான் இருக்கும்," என்றேன். "உள்ளுக்கு இருந்த அந்தச் சட்டம் மட்டும்தான் தேயிலைப் பெட்டி."

"அத நீ சொல்லித்தான் நான் நம்பணுமா?" என்றான். ஆனால் குரலில் சீனி இருந்தது.

மாமியின் வீடு கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. தகரக் கூரை, சுற்றிவரப் பனையோலை வேலி, வாசலில் மாதா சொரூபக் கூடு. கூட்டாளி வானுக்குள்ளேயே இருந்துகொண்டான். மாமி முன்விறாந்தையில் நின்றார். உடம்பு சுருங்கியிருந்தது, பார்வை சுருங்கவில்லை. பக்கத்தில் ஒரு கதிரை. கதிரையில் ஒரு கூடை வெங்காயம். நான் கும்பிட்டேன். வெங்காயம் கதிரையிலேயே இருந்தது.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல, மாமி."

"அப்ப ஏன் வந்தனீ?"

முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் வாக்குமூலங்களைப் பிசகாமல் சொன்னவனுக்குத் தன்னுடையதைச் சொல்ல வரவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். மாமி வயலினைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. நான் தாளை எடுத்து நீட்டினேன். அதை வாங்கினார். மூக்குக்கண்ணாடி அவருடைய கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போடவில்லை.

"ரவிக்கிஞ்ஞ," என்றார்.

ஒரு தரம்தான் பார்த்தார். ஒரு தரத்திலேயே வாசித்தார்.

"நான் பிழையா வாசிச்சிட்டன், மாமி. நான்தான். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தாளைப் பிடித்தபடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, என்னிடம் அல்லாமல் முற்றத்திடம் சொல்வதுபோல், "அண்ணனும் நானும்தான் அதை அப்பிடிச் சொல்லுறது. பாட்டுப் படிப்பிச்ச சிங்கள மாஸ்டர்ட சொல்லு. அவர் ஊரை விட்டுப் போகக்குள்ள எங்களுக்குத் தந்துட்டுப் போனவர். உங்கட அப்பாக்கு வாசிக்க வராது. நான்தான் வாசிச்சனான், கலியாணம் கட்டி, அதை அண்ணனிட்ட விட்டிட்டு இங்கால வாற வரைக்கும்," என்றார்.

அப்போதும் என் தொழில் என்னை விடவில்லை. "பழைய சாமான் இல்ல, மாமி," என்றேன். "ஒரு ஆளிட்டக் காட்டினன். லேபல் பொய். ஆண்டையும் ஆரோ பேனையால எழுதியிருக்கு."

மாமி அன்று முதல் தரமாக என்னை நேரே பார்த்தார்.

"ஆரோ இல்ல. அண்ணன். பேனைக் குச்சிய ஓட்டைக்குள்ளால விட்டு, நாக்கைக் கடிச்சுக்கொண்டு எழுதினவர். அந்த ரெண்டு இலக்கமும் நான் பிறந்த வருசம். இது உன்ட, இனி நான் கேக்க மாட்டன் எண்டு சொல்லித்தான் எழுதினவர். எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு."

வென்னப்புவையில் நான் கோபப்பட்டது நினைவுக்கு வந்தது. அந்த வயலின் பொய் என்பதற்கு இருந்த பெரிய சாட்சி அதுதான். அது யாருடையது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதுதான். இரண்டில் ஒன்றை மட்டும்தான் நான் வாசித்திருக்கிறேன்.

"அண்டைக்கே கேட்டிருக்கலாமே, மாமி. இது என்ட எண்டு சொல்லியிருக்கலாமே."

"அண்ணன் ரவிக்கையெண்டு எழுதினா ரவிக்கைதானே. செத்தவரோட சண்டை பிடிக்கேலுமா? அதுதான் உங்களோட பிடிச்சன்."

வெங்காயக் கூடையைத் தூக்கித் தரையில் வைத்தார். "இரு," என்றுவிட்டு உள்ளே போனார். நான் கதிரையில் இருந்தேன். வெங்காயத் தோல் சாரத்தில் ஒட்டியது. உள்ளே அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பிளாஸ்திக் பை. பூச்சியுருண்டை மணத்தது. உள்ளே பாக்கு நிற ரவிக்கை, மடிப்புக் குலையாமல். அதை என் மடியில் வைத்தார்.

"அப்ப இது ஆருட?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அது அப்பாவின் கை பட்டது, எங்கள் பரம்பரையில் யாரோ ஒருத்தியின் சட்டை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு தரம் பிழையாக வாசிக்க எனக்குத் துணிவில்லை.

"அம்மா வாங்கினது, மாமி. சிலாபத்தில. புதுசு."

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"கழுத்துக்குள்ள கடை லேபல் இருந்தது. அண்டைக்கு பஸ்ஸுக்குள்ளயே பாத்திட்டன். அண்ணன் எனக்கெண்டு ஒண்டுமே எழுதேல்ல, சனத்துக்கு முன்னால வெட்கமெண்டு உங்கட அம்மா ஒண்டை வாங்கித் தாறா எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சனான்."

நான் ரவிக்கையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். லேபல் இல்லை. அது இருந்த இடத்தில் வெட்டிய நூலின் நுனிகள் மட்டும் நாலு மூலையிலும் நின்றன.

"வீட்ட வந்து கத்தரிக்கோலால வெட்டி எடுத்திட்டன்," என்றார் மாமி. "அதை எடுத்திட்டா, அண்ணன் தந்ததெண்டு வச்சிருக்கலாம்தானே."

வானுக்குள்ளிருந்து கூட்டாளி யாரோ மீன்காரனோடு கதைத்துச் சிரிப்பது கேட்டது. மாமி குனிந்து, ரவிக்கையை என் மடியிலிருந்து எடுத்து, திரும்பப் பைக்குள் போட்டுத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதைத் தருவதாக இல்லை. பிறகு அப்பாவின் தாளை என்னிடம் நீட்டினார்.

"இப்ப வாசி," என்றார். "அண்டைக்கு வாசிச்ச மாதிரி. எழும்பி நிண்டு."

நான் எழுந்து நின்றேன். வீடு அம்மாவுக்கு என்று வாசித்தேன். கைக்கடிகாரமும் சைக்கிளும் எனக்கு என்று வாசித்தேன். மாமி நான் எழுந்த கதிரையில் உட்கார்ந்து, வயலினை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"தங்கச்சிக்கு," என்று வாசித்தேன், "அலுமாரியில இருக்கிற ரவிக்கிஞ்ஞ."